வீட்டில் வைத்துவிட்டு வந்த போன்

மனைவியை அழைத்துவரக் கிளம்பும் ஆண்களைப் பற்றி வாரப் பத்திரிகைகளில் எத்தனையோ துணுக்குகள் படித்துச் சிரித்திருக்கிறேன். அவர்கள் மாமியார் வீட்டுக்குப் போவார்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து விருத்தாசலத்துக்கு, மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனேன். மற்றபடி துணுக்கில் வரும் ஆளுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நடந்தது இதுதான். வங்கியில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் ஒப்புதல் வந்த செய்தி போனில் தெரிந்தது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதி, கும்பிடும் கை இரண்டைப் போட்டு அனுப்பினேன். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். புனிதா சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் சமையலறை. ஆனால் அவளுக்கு விஷயம் தெரிந்தது விருத்தாசலத்திலிருந்து அவள் அக்கா கூப்பிட்டு வாழ்த்துச் சொன்ன பிறகுதான்.

புளிக் கையோடு கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் புளியைக் கரைத்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த வாரம், அக்காவின் பொம்மைப் பட்டறையில் கொலு ஆர்டர் குவிந்து கிடக்கிறது, கைக்கு ஆள் வேண்டுமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். ஆனி போய் ஆடியும் பாதி ஆகிவிட்டது, அவள் வரவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால், "என்ன அவசரம்? இங்க பேச ஆளு இருக்குது" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, "முதல்ல போனைக் குறைங்கப்பா, அப்புறம் அம்மாவைக் கூப்பிடுங்க" என்றான். இதை அவன் வீடியோ அழைப்பில் சொன்னான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

குறைக்க முயலாமல் இல்லை. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையிலும் குட்டி வீடியோக்கள் நன்றாகத்தான் இருந்தன. செயலிகளை நீக்கினேன். காலையில் நீக்கியவை மாலையில் திரும்பி வந்துவிட்டன. போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பரணில் போட்டேன், பிறகு அதை எடுக்க நாற்காலி போட்டு ஏறியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பட்டன் போன் ஒன்றை இரவல் வாங்கி, அதோடு மட்டும் விருத்தாசலம் போவது என்று முடிவு செய்தேன். வெறும் கையோடு போய் நின்றால் நம்புவாள்.

ஆனால் கிளம்பும்போது என் ஸ்மார்ட்போனை அணைத்து, துண்டில் சுற்றி, பையின் அடியில் வைத்துக்கொண்டேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று.

ரயிலில் எனக்கு எதிரே பீகாரைச் சேர்ந்த தொழிலாளர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு சின்னப் பெண் குரல். வட இந்தியக் கிளையில் வேலை பார்த்த பழக்கத்தில் எனக்கு இந்தி புரியும். "இது கரும்பு. நம்ம ஊர்க் கரும்புதான். ஆனா இங்கே வேற மாதிரி பேசுறாங்க" என்று அவர் மகளுக்குச் சொன்னார். கரும்பும் வேறு மாதிரி பேசுமா என்று அவள் கேட்டாள். அவர் அதற்குத் தீவிரமாகப் பதில் சொன்னார். போன் என்றாலே எரிச்சலில் இருந்த எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல் வரவில்லை. அவருக்கு அது மகள் உட்கார்ந்திருக்கும் இடம். நான் என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அதை வைத்து என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

நினைத்ததன் விளைவு, அவர்கள் கூட்டமாக இறங்கிய இடத்தில் நானும் இறங்கிவிட்டேன். இத்தனை பேர் இறங்கினால் அது ஜங்ஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ரயில் நகர்ந்த பிறகு பலகையைப் பார்த்தேன். பெண்ணாடம். விருத்தாசலம் அதற்கு அடுத்தது. போன் கையில் இருந்திருந்தால் நீலப் புள்ளி ஒன்று நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டியிருக்கும். பல வருஷங்களுக்குப் பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் மெதுவடை நன்றாக இருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் வடைக்குச் சட்னி வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஊற்றுவார்கள். இங்கே கேட்பதில்லை, ஊற்றிவிடுகிறார்கள். தட்டைப் பார்த்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, படம் எடுக்க. பட்டன் போனை எடுத்து வடைக்கு மேலே நீட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

பஸ் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிராக்டரின் வேகம்தான் எங்கள் வேகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கம்மாபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகும் போகாது என்று அந்தப் பக்கம் பேச்சாகக் கிடக்கிறதாம். நிலத்தைப் பற்றி அண்ணனிடம் போனில் பேசினாலே சண்டை வந்து பாதியில் கட்டாகிவிடுகிறது, அதனால் நேரிலேயே போகிறேன் என்றார்.

"நேர்ல போனா சண்ட வராதா?" என்று கேட்டேன்.

"வரும்ங்க. ஆனா மூஞ்சிய பாத்துகினு எவ்ளோ நேரம் சண்ட போட முடியும்? சோறு போட்டுடுவாங்க."

அந்தத் தைரியத்தோடு விருத்தாசலத்தில் இறங்கினேன்.

செராமிக் பட்டறைகள் இருக்கும் பக்கம் ஆட்டோவில் போகும்போதே தெரிந்துவிடும். வேலியோரம் உடைந்த பீங்கான் சில்லுகள் கிடக்கும். மின்கம்பத்தில் வைக்கும் வெள்ளைக் குமிழ்கள், ஃபியூஸ் கட்டைகள், தலையில்லாத கிருஷ்ணர்கள். அம்சா அண்ணியின் பட்டறை அந்த வரிசையில் ஒரு தகரக் கொட்டகை. அண்ணி என்றால் புனிதாவின் அக்கா. கணவர் மின்வாரியத்தில் இருக்கிறார், பட்டறை முழுக்க அண்ணியின் நிர்வாகம்.

உள்ளே நுழையும்போதே அண்ணி ஒரு மண்பெட்டியை என் முன் நீட்டினார். விளிம்பில் விரிசல் விட்ட பழைய பெட்டி. சூளையில் சின்னச் சாமான்களை இந்தப் பெட்டிகளுக்குள் போட்டு, மூடி வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். விரிசல் விட்டதால் இது போன் வைக்கப் பயன்படுகிறது. வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரும் காலையில் அதற்குள் போனைப் போட்டுவிட வேண்டும். அண்ணியின் போனும் அதற்குள்தான் கிடந்தது.

நான் பட்டன் போனை எடுத்துப் போட்டேன். பெரிய போன் எங்கே தம்பி என்று கேட்டார்.

"வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன் அண்ணி."

கொட்டகையின் கோடியில் அச்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புனிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பெண்ணாடத்தில் தப்பாக இறங்கிய கதையைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். ரயிலில் ஒரு பீகார்க்காரர், என்று இரண்டு வார்த்தைதான் வந்திருக்கும்.

"குரூப்ல போட்டுடுங்க. படிச்சிக்கிறேன்" என்றாள், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எடுத்துக் கொடுங்க என்பது போலச் சொன்னாள். முதல் நாள் இதோடு முடிந்தது.

மறுநாள் காலை அண்ணி வீட்டில் இட்லியும், முதல் நாள் கருவாட்டுக் குழம்பும். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு ஒரு ராத்திரி ஊறிய குழம்பு. எங்கள் ஊரில் நாள் தொடங்குவதற்கு இதைத் தைரியமாக யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புனிதா பரிமாறினாள். அக்காவோடு பேசும்போது மட்டும் அவள் பேச்சு சுத்தமாக ஊர்ப்பேச்சாகிவிட்டிருந்தது. வீடு வூடாகிவிட்டது. கோயம்புத்தூரில் இத்தனை வருஷம் அவள் இந்தப் பேச்சை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

பட்டறையில் நாள் முழுக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லை, பார்க்கப் போனும் இல்லை. வேலை பார்வைக்கு எளிமையானது. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்பக்கம் மண் சுவராகப் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். எப்போது கொட்டுவது என்பதுதான் விஷயம். மழை நாளில் நேரமாகும், வெயிலில் சீக்கிரம் ஆகும். அச்சின் வாயில் மண் படியும் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன் பெட்டி வந்த கதையும் இதுதான். ஒரு நாள் எல்லாருமாக ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துச் சிரித்ததில், அன்றைக்கு ஊற்றிய செட்டியார் பொம்மைகளெல்லாம் கனத்துப் போய், சூளையில் வெடித்துவிட்டன. அண்ணி அந்த நாளைச் சொல்லும்போது, "அன்னிக்கு செட்டியாருங்க எல்லாம் கல்லு குண்டு" என்றார். அதற்குப் பிறகு பெண்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. பெட்டியில் மணி அடித்தால் யாருடைய மணி என்று எல்லாருக்கும் தெரியும். அவசரம் என்றால் போய் எடுப்பார்கள், இல்லையென்றால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

புனிதா விளிம்பைப் பார்த்தாள். நான் புனிதாவைப் பார்த்தேன். அவள் இடது புருவத்தில் களிமண் காய்ந்திருந்தது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, அச்சின் வாயையே பார்ப்பாள். திடீரென்று இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்ப்பாள். வீட்டிலும் அவள் பாலைக் காய்ச்சும்போது இப்படித்தான் உதட்டைக் கடித்திருப்பாளோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. தெரியாதது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் பழமலைநாதர் கோயிலுக்குப் போனோம். அண்ணியும் கூட வந்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது கை மறுபடியும் சட்டைப் பைக்குப் போனது. புனிதா அதைக் கவனித்தாள், சிரித்ததாகத் தோன்றியது. இரண்டாம் நாளின் லாபம் அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போதும் என்று நினைத்தவன் அதோடு இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் காலையில் பையில் சட்டை தேடும்போது துண்டுச் சுருள் கையில் தட்டுப்பட்டது. வங்கியிலிருந்து ஓய்வு சம்பந்தமாக ஏதாவது செய்தி வந்திருக்குமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். போனைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பொய்யோடு பொய்யாக அன்றைக்கு வாசல் பெட்டியில் பட்டன் போனை மிக மரியாதையாக வைத்தேன்.

அன்று சூளை ஏற்றும் நாள். காய்ந்த பொம்மைகளைப் பெட்டிகளில் போட்டு, மூடி வைத்து, கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். சூளை வேலை பார்க்கும் ஏழுமலை அவற்றை ஒவ்வொன்றாகச் சூளைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். எல்லாம் கொலுவுக்கான கல்யாண செட். மணமக்கள், மேளக்காரர்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளிகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில் நான் அந்த அடுக்குக்குப் பின்னால் நின்று போனை உயிர்ப்பித்தேன்.

செய்திகள் மளமளவென்று விழுந்தன. வங்கியிலிருந்து ஒன்றும் இல்லை. யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நானும் ஒரு பூங்கொத்துப் போடலாமா என்று யோசித்த அந்தக் கணத்தில், "என்னங்க, டீ குடிக்கப் போலாமா?" என்று புனிதாவின் குரல் மூலையில் கேட்டது.

பக்கத்திலிருந்த பெட்டியின் மூடியைத் தூக்கினேன். பந்தி விருந்தாளிகளுக்கு நடுவே போனைச் செருகினேன். மூடினேன். திரும்பும்போது அவள் வந்துவிட்டாள்.

இந்தப் பயணத்தில் அவளாக வந்து என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த ஊர் டீயில் சர்க்கரை கொஞ்சம் தாராளம். பாதி டம்ளர் குடித்த பிறகு, வேலையை விட்டு என்ன செய்யப் போவதாக எண்ணம் என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. கொஞ்ச நாளாக வங்கிக்குள் நுழையும்போதே மூச்சு முட்டுவது போல இருந்ததைச் சொன்னேன். எல்லாரும் என்னைவிட வயதில் சின்னவர்கள், எல்லாம் எனக்குத் தெரியாத மென்பொருள், கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் ஓய்வு என்றேன். அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். அவளும் பேசினாள். மகன் வெளியூர் போன பிறகு மத்தியானங்களில் குக்கர் விசில் சத்தம்கூடத் துணையாக இருந்ததாகச் சொன்னாள். இன்னொரு டீ சொன்னோம். வெயில் பெஞ்சுக்குக் கீழே வந்து காலில் சுட்ட பிறகுதான் எழுந்தோம்.

அவ்வளவு நேரத்தில் எனக்குப் போன் ஞாபகமே வரவில்லை. எத்தனையோ மாதமாக நான் முயற்சி செய்த காரியம் அன்றைக்கு, முயற்சியே செய்யாமல், நடந்துவிட்டது.

திரும்பி வந்தபோது சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே மண் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு செங்கல் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தது. அண்ணி அந்த ஓட்டைக்கு முன்னால் கற்பூரத் தட்டைக் காட்டினார். பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். கற்பூரம் காட்டிவிட்டால் பிறகு சூளையைப் பிரிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கடைசிக் கல்லை யாராவது வேண்டப்பட்டவர் கையால் வைப்பதும் வழக்கம்.

"வாங்க தம்பி. வூட்டு மாப்ள கையால வெச்சா நல்லது" என்று அண்ணி கூப்பிட்டார்.

ஏழுமலை ஈரமண் தடவிய செங்கல்லை என் கையில் கொடுத்தார். பெருமையாக வாங்கிக்கொண்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டில் பெட்டிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெட்டிகூட இல்லை.

செங்கல்லோடு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் மனம் எவ்வளவு வக்கீல் வேலை பார்க்கிறது. சொல்லாமல் கல்லை வைத்துவிட்டால் என்ன? போன் எரிந்து போகும். வீட்டில் வைத்ததாகச் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும், போன் எங்கேயும் இல்லையே. இதைவிடப் பெரிய விடுதலை உண்டா? டீக்கடையில் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள். இதைச் சொன்னால் அந்தப் பெஞ்சும் போய்விடும், அவளும் வர மாட்டாள்.

ஆனால் சூட்டில் அந்தப் பேட்டரி சும்மா இருக்காது, வெடிக்கும். அந்த நேரத்தில் ஏழுமலை தீயைப் பார்க்கக் குனிந்திருந்தால்? இத்தனை பெண்கள் விளிம்பைப் பார்த்துப் பார்த்துச் செய்த பொம்மைகள் உள்ளே இருக்கின்றன. அதில் புனிதாவின் பொம்மைகளும் உண்டு.

செங்கல்லை ஏழுமலையிடம் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நேராகப் புனிதாவிடம் நடந்து போனேன்.

"போனை நான் வீட்ல வெக்கல. கொண்டு வந்தேன். மத்தியானம் நீ வரேன்னு பயந்து ஒரு பெட்டியில வெச்சேன். இப்ப உள்ள இருக்கு."

அவள் சூளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி, "அக்கா, கல்ல பிரிக்கச் சொல்லு. இவரு போனு உள்ள இருக்குது" என்றாள்.

கற்பூரம் தட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஏழுமலைதான் மெதுவாக, "ரிங் வுட்டுப் பாக்கலாமா சார்? எந்தப் பொட்டின்னு தெரிஞ்சிடும்" என்றார்.

"சைலண்ட்ல இருக்கு" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சூளையைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, "ஒங்க கையால வெக்கணும்னு கூப்ட்டதே நல்லதாப் போச்சு. வேற யார்னா வெச்சிருந்தா?" என்றார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சூளைப் பக்கம் போனேன்.

ஈரமண்ணை வழித்து, செங்கற்களை உருவி, பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஏழுமலை உள்ளே இருந்து கொடுக்க, நான் வாங்கி இறக்கினேன். காய்ந்த பொம்மை சுடுவதற்கு முன் வெறும் மண்தான், அதட்டிப் பேசினால்கூட உடைந்துவிடும் போல இருக்கும். மூடி திறக்கத் திறக்க மணமக்களும் நாயனக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பந்திப் பெட்டியில் போன் கிடைத்தது. இரண்டு விருந்தாளிகளின் கழுத்து போயிருந்தது. திரையில் புதிதாக ஏழெட்டுப் பூங்கொத்துகள் வந்திருந்தன.

புனிதா அதை எடுத்து, மண்தூசியை முந்தானையால் துடைத்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன்.

"ரொம்ப நாளு கழிச்சி, நீங்களா வந்து, எனக்கு மொதல்ல சொன்ன விஷயம் இது" என்றாள்.

போனைக் கொண்டுபோய் வாசல் பெட்டியில், மற்ற போன்களோடு போட்டுவிட்டு வந்தாள். பிறகு என்னோடு சேர்ந்து பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தாள். அன்று பற்றவைக்க முடியவில்லை. அண்ணிக்கு என்னால் ஒரு நாள் நஷ்டம்.

நாலாம் நாள் காலையில் அண்ணி எலுமிச்சம்பழம் அறுத்து, புதிதாகக் கற்பூரம் காட்டினார். கடைசிக் கல்லை மறுபடியும் என்னையே வைக்கச் சொன்னார். வைப்பதற்கு முன் ஏழுமலை என் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்.

சாயங்காலம் நானும் புனிதாவும் கொட்டகைக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். சூளையின் அனல் அங்கே வரைக்கும் வந்தது. எப்போது கிளம்பலாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். சூளை எரிந்து முடிந்து, தானாக ஆறி, பொம்மைகளை வெளியே எடுத்த பிறகுதான் வர முடியுமாம். சூட்டோடு திறந்தால் எல்லாம் விரிசல் விட்டுவிடும். அதுவரைக்கும் நீங்களும் இருங்க என்றாள். விரிசல் விட்ட பெட்டி ஒன்றை அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறாளாம், நம் வீட்டுக் கூடத்தில் வைக்க. கனமாக இருக்கும், நீங்கள்தான் தூக்கி வர வேண்டும் என்றாள். தூக்குகிறேன் என்றேன்.

பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மொத நாளு ரயில்ல என்னமோ ஆச்சுன்னு சொல்ல வந்தீங்களே. என்ன அது?"

மகளுக்கு ஜன்னல் வழியாகக் கரும்பு காட்டிய பீகார்க்காரரிலிருந்து நான் ஆரம்பித்தேன்.